வாட்ஸ்அப்பில் வரும் வாசல் சாவி

திருத்துறைப்பூண்டியில் வாசலில் நின்று குரல் கொடுத்தால் போதும். சென்னையில் மகன் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் போனால், பல இடங்களில் க்யூ.ஆர். கோடு கேட்கிறார்கள். 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ், கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கிய அதே கட்டம்தான்!

மகன் செயலியில் பதிவு செய்ததும், ஓர் எண் கட்டமாக மாறி அப்பாவின் போனுக்கு வருகிறது. கேட்டில் ஸ்கேன் செய்யும்போது, அந்த எண் செல்லுமா, நேரம் முடிந்துவிட்டதா என்று சர்வர் சரிபார்க்கிறது. ஆனால், காட்டுபவர் யார் என்பது கோடுக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டுக்கும் கேட் திறந்துவிடலாம். அதனால் குடும்ப குரூப்பில் போடாதீர்கள். ஒருமுறை மட்டும், சில மணி நேரம் மட்டும் செல்லும்படி எடுத்து, வருபவருக்கே அனுப்புங்கள்.

இரவு பஸ்ஸில் வரும் அப்பாவின் போனில் சார்ஜ் இருக்குமா? பிளாட் எண்ணையும் மகன் நம்பரையும் துண்டுச் சீட்டில் எழுதி, சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.