ஜே, கே, பி, ஓ, செமிகோலன்!

மேலே இருப்பது லாட்டரி நம்பர் அல்ல. அமெரிக்கா போய் செட்டிலான ஒன்றுவிட்ட மாமாவின் இனிஷியலும் அல்ல. சாட்சாத் 'தமிழ்' என்ற சொல்தான் அது!

நம்பிக்கை வரவில்லையா? உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய கடிதம் ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கும். திறந்து, அதில் 'தமிழ்' என்று வருகிற இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபான்ட்டை மட்டும் சாதாரண ஆங்கில ஃபான்ட்டுக்கு மாற்றுங்கள். ஜே, கே, பி, ஓ, கூடவே ஒரு செமிகோலன் பல்லிளிக்கும். 'அம்மா'வை மாற்றிப் பார்த்தால் எம், கே, செமிகோலன், கே, எச். பெற்ற தாய்க்கு வந்த கதி!

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாத காலத்தில் நம் ஆட்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிட்டார்கள். 'கே' என்ற எழுத்துக்கு 'ம' என்று ஒரு முகமூடி, 'ஜே'வுக்கு 'த' என்று ஒரு முகமூடி. திருவிழா நாடகத்தில் பவுடர் போட்டு வந்தவரை நாம் ராஜா என்று நம்பிக் கைதட்டுகிறோம் அல்லவா, அந்த மாதிரி. கம்ப்யூட்டருக்கு மட்டும் மேக்கப்புக்குப் பின்னால் இருக்கிற ஆளைத் தெரியும்.

கண்ணால் படிக்கிற நமக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. காதால் படிக்கிறவர்கள் கதை வேறு.

எங்கள் வண்டியூரில் ஒரு தம்பி இருக்கிறார். பி.காம். மாணவர், தமிழ் மீடியம். பிறவியிலேயே பார்வை இல்லை. சாயங்காலமானால் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து காதில் இயர்போனோடு படித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் சுண்டல் வாங்கி வந்து உட்காருகிறவர்கள் 'பையன் பாட்டு கேட்கிறான்' என்று நினைத்துக்கொள்வார்கள். கேட்பது கம்பெனிச் சட்டம்!

போனிலேயே டாக்பேக் என்று ஒரு வசதி உண்டு. திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும். கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள், மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே, 2006-ல் தொடங்கிய மென்பொருள். அதற்கு முன் இந்த மாதிரி 'ஸ்கிரீன் ரீடர்' வேண்டுமென்றால் விலையைக் கேட்டாலே வியர்க்கும். இவர்கள் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

ஆக வாசித்துக் காட்டும் கருவி ரெடி. படிக்கிறவரும் ரெடி. வருகிற நோட்ஸ்தான் ரெடி இல்லை.

"அண்ணே, நோட்ஸ் மூணு தினுசா வரும்ணே. ஒண்ணு, ஒழுங்கா யூனிகோடுல அடிச்சது. அது தெளிவா பேசும். ரெண்டாவது பழைய ஃபான்ட்டுல அடிச்சது. அது ஏபிசிடி படிக்கும். மூணாவது ஸ்கேன் பண்ணது. அது பேசவே பேசாது. 'படம்'னு ஒரே வார்த்தை சொல்லிட்டு கம்முனு கெடக்கும்."

போன செமஸ்டரில் அவருக்கு வந்தது மூன்றாவது தினுசு. பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால், முக்கியக் கேள்விகளும் விடைகளும், போனில் எடுத்த 84 போட்டோக்களாக வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தன. கிளாஸே ஆசிரியருக்குக் கும்பிடு பொம்மை அனுப்பிக் கொண்டாடியது. இவர் போன் 84 தடவை 'படம்' என்றது. வேலை முடிந்து வந்த அம்மா, தெரிந்தவரை எழுத்துக்கூட்டி ராத்திரி ஒரு மணி வரை வாசித்துக் காட்டியிருக்கிறார். 30 படம் முடிந்தது. பேப்பரில் அரியர் விழுந்தது. மார்க் ஷீட்டில் அந்த 54 படத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. 'தேர்ச்சி இல்லை' என்று மட்டும்தான் இருக்கும்.

அந்த ஆசிரியர் ஒன்றும் கெட்டவர் இல்லை. நல்ல மனதோடுதான் அனுப்பினார். நம் ஆபீஸ்களிலும் தினமும் இதைத்தானே செய்கிறோம்? கம்ப்யூட்டரில் அழகாக டைப் அடித்து, அதை பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, திரும்ப ஸ்கேன் பண்ணி, படமாக்கி மெயிலில் அனுப்புகிறோம். பேசத் தெரிந்த ஃபைலை வாயைக் கட்டி அனுப்புகிற வேலை. சீலுக்காக அந்தச் சடங்கு வேண்டுமென்றால் செய்துகொள்ளட்டும். டைப் அடித்த ஒரிஜினலையும் கூடவே இணைத்தால் யாருக்கு என்ன செலவு?

'இப்போதுதான் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி வந்துவிட்டதே' என்பீர்கள். வந்துவிட்டது. கூகுள் டிரைவில் போட்டால் தமிழையும் பிரித்துத் தரும். நல்ல அச்சாக இருந்தால் ஓரளவு சரியாகவே வரும். ஆனால் கசங்கிய ஜெராக்ஸை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்வாகப் போட்டோ எடுத்தால், 'ர'வும் துணைக்காலும் குழம்பும். கதைப் புத்தகமென்றால் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். அக்கவுண்ட்ஸில் ஒரு 3, 8 ஆகிவிட்டால்? விடிய விடியக் கூட்டினாலும் இருப்பாய்வு டேலி ஆகாது.

நானும் பி.காம். என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். யூனிகோடில் அடித்துவிட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. இருப்புநிலைக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பொறுப்புகள், வலது பக்கம் சொத்துகள். பெரும்பாலானோர் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித்தான் எண்களைத் தள்ளி நிறுத்துகிறோம். பார்க்க லட்சணமாக இருக்கும். மெஷினோ இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் இப்படி வாசிக்கும்:

'முதல் 50,000 எந்திரம் 40,000 கூட்டுக நிகர லாபம் 6,000 கழிக்க தேய்மானம் 4,000 56,000 36,000.'

எது யாருடைய கணக்கு? சம்பந்திச் சண்டை மாதிரி இரண்டு வீட்டுக் குரலும் கலந்துவிட்டது. இதையே முறையாக டேபிள் போட்டு, முதல் வரிசையைத் தலைப்பு என்று குறித்துவிட்டால், ஸ்கிரீன் ரீடர் கட்டம் கட்டமாக நகர்ந்து, எந்த வரிசை, எந்தத் தலைப்பு என்று சொல்லிக்கொண்டே போகும். கூடுதல் வேலை இரண்டு நிமிடம். (ஸ்பேஸ் பாருக்கும் ஆயுசு கூடும்.)

காது கேளாத மாணவருக்கு இதே கதை தலைகீழ். வீடியோ பாடம் ஓடும், வாத்தியாரின் வாய் அசையும், கீழே ஒரு எழுத்து வராது.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 2010-லேயே யூனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாற்றுத்திறனாளி படிப்பதற்காக ஒரு புத்தகத்தை அவருக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுத்தால் அது திருட்டு ஆகாது. லாபம் பார்க்காமல் நீங்களோ நானோகூட அதைச் செய்யலாம். பார்வையற்றோருக்குப் புத்தகம் கிடைக்க 2013-ல் மொராக்கோவில் மராகேஷ் உடன்படிக்கை உருவானபோது, 2014-ல் அதை உலகிலேயே முதலில் உறுதி செய்த நாடு இந்தியா! 2016-ல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற ஆன்லைன் நூலகம். அதே ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

சட்டம் வந்தது, விதியில் கோட்டை விட்டார்கள். வசதி செய்து தருவதற்கான 15-வது விதி, 'செய்தால் நல்லது' என்கிற தோரணையில் இருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 'இது மூலச் சட்டத்துக்கே முரண். கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுத்துக்கொண்டு வாருங்கள்' என்று சொன்னது. சட்டம் போட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்று வருஷ டிகிரி என்றால் இரண்டு பேட்ச் படித்து முடித்து மூன்றாவது பேட்ச் கடைசி வருஷத்தில் நிற்கும் காலம்!

மதுரைக்கு இதெல்லாம் புதுசு இல்லை. அழகர்கோவில் ரோட்டில் சுந்தரராஜன்பட்டியில் இருக்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் 1985-ல் தொடங்கியது. தொடங்கிய எஸ்.எம்.ஏ. ஜின்னாவும் பார்வை இழந்தவர்தான். 2020 ஆகஸ்டில் சிவில் சர்வீஸ் ரிசல்ட் வந்தபோது, அகில இந்திய அளவில் 286-வது இடம் பிடித்த பூரண சுந்தரி நம் மதுரைப் பெண். ஐந்து வயதில் பார்வை போனவர். நான்காவது முயற்சியில் வெற்றி. பெற்றோர் உட்கார்ந்து வாசித்துக் காட்டக் காட்ட, கேட்டுப் படித்தவர். பத்திரிகைகள் எல்லாம் 'சாதனை' என்று கொண்டாடின, சரிதான். எனக்கு என்னவோ அந்தப் பெற்றோர் வாசித்த மணிக்கணக்குதான் உறுத்துகிறது. பாடம் முழுக்கப் பேசுகிற ஃபைலாகக் கிடைத்திருந்தால் அதில் எத்தனை மணி மிச்சம்? வாசித்துக் காட்ட ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் ரேங்க் லிஸ்ட் பக்கமே வராமல் போனார்கள்?

வண்டியூர்த் தம்பிக்கு இந்த செமஸ்டரில் கொஞ்சம் விடியல். கிளாஸில் இரண்டு பேர் சேர்ந்து, வருகிற நோட்ஸை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். பாமினியை யூனிகோடாக மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. வெட்டி ஒட்டினால் நொடியில் வேலை முடிந்துவிடும். ஸ்கேன்தான் சள்ளை. ஒருவர் வாசிக்க, ஒருவர் டைப் அடிக்கிறார்.

போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ். "அண்ணே, காஸ்ட் அக்கவுண்ட்ஸ் நோட்ஸ் வந்திருச்சு. டெக்ஸ்ட்டுதான், சூப்பரா பேசுது. ஆனா பிரேக் ஈவன் சார்ட்டு வர்ற எடத்துல மட்டும் 'படம்'ங்குது. நீங்க காமர்ஸுதானே, அதுல என்ன இருக்குன்னு எழுதிக் குடுங்களேன்."

படத்துக்குள் விளக்கம் எழுதிவைக்க வேர்டிலேயே வழி இருக்கிறது. படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்று வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லூரியில் நூறு தடவை வரைந்த சார்ட். கோட்டைக் காட்டாமல் சொல்லவேண்டும் என்றதும் அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் எழுதியது இது:

'கீழே குறுக்குக் கோடு: விற்கும் அளவு, 0 முதல் 1,000 யூனிட். இடப்பக்கம் நெட்டுக் கோடு: ரூபாய். செலவுக் கோடு 20,000 ரூபாயில் தொடங்கி யூனிட்டுக்கு 60 ரூபாய் வீதம் ஏறுகிறது. விற்பனைக் கோடு பூஜ்யத்தில் தொடங்கி யூனிட்டுக்கு 100 ரூபாய் வீதம் ஏறுகிறது. 500 யூனிட்டில், 50,000 ரூபாயில் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. அதற்கு இடப்பக்கம் நஷ்டம், வலப்பக்கம் லாபம்.'

அனுப்பிய பத்தாவது நிமிஷம் பதில் வந்தது. "புரிஞ்சிருச்சுண்ணே. அடுத்த பக்கத்துல இன்னும் நாலு படம் இருக்கு."