இலக்கிய ஆய்வின் மூன்று வாசல்கள்

செம்பரம்பாக்கம் என்ற பெயர் இன்று இரண்டு செய்திகளை நினைவூட்டுகின்றது. ஒன்று, சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரி. 2015 டிசம்பர் பெருவெள்ளத்திற்குப் பின்னர் அதன் பெயரைக் கேள்வியுறாதார் தமிழகத்தில் இலர் எனலாம். மற்றொன்று, அதனை அடுத்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என நீண்டு செல்லும் தொழிற்சாலைப் பெருவழி. காரும் கைப்பேசியும் உற்பத்தியாகும் இவ்வழியில் விடியுமுன்பே ஆலைப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. ஏரியின் கிழக்கே உள்ள குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர் என்பதை அப்பேருந்துகளில் செல்வோரில் எத்தனை பேர் நினைப்பார்களோ, நாம் அறியோம்.

இவ்வட்டாரத்தில் வேலை தேடி வந்து குடியமர்ந்த ஒரு குடும்பத்தின் பெண், தமிழில் முதுகலை முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உம்மம்மாவிடம் அரபுத்தமிழ் எழுத்தை வாசிக்கக் கற்றவள். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறாள். அவள் யாரிடம் கேட்பாள்? அவ்வீட்டில் எவரும் பல்கலைக்கழகப் படி ஏறியவரல்லர். ஒப்பந்த வேலைக்குப் போனால் அடுத்த மாதமே சம்பளம் வரும் என்று கூறுவார் பலர். ஆய்வுக்குப் போனால் என்ன வரும் என்று கூறத் தெரிந்தவர் சிலரே. அந்தச் சிலருக்கும் பழைய விதிகளே நினைவில் இருக்கக்கூடும்.

நம் நாட்டில் இலக்கிய ஆய்வுக்குள் நுழைவதற்கு வாசல் ஒன்றன்று, மூன்று. பல்கலைக்கழகத்தில் இடம், நெறியாளர், உதவித்தொகை ஆகிய மூன்றும் தனித்தனியே, வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு அலுவலகங்களால் திறக்கப்படுகின்றன. முதல் வாசல் திறந்ததும் மற்றவையும் திறந்துவிட்டன என எண்ணிப் பலர் உள்ளே சென்றுவிடுகின்றனர். பின்னர் ஈராண்டு கழித்துக் கையில் பணமுமின்றி, பட்டமுமின்றித் திரும்புகின்றனர்.

இது புதிய துன்பமன்று. உமறுப் புலவரின் வரலாறாக வழங்கிவரும் செய்திகளை இக்கண்கொண்டு நோக்கினால், இதே மூன்று வாசல்களை அங்கும் காணலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைக் காப்பியமாகப் பாடுமாறு வேண்டிப் பொருளுதவிக்கு முன்வந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. ஆனால் பாடுவதற்குரிய அரபு மூலங்களின் செய்தியைப் பெற, மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் புலவர் சென்றபோது முதலில் அவர் இசையவில்லை என்பர். பின்னரே இசைவு கிடைத்தது. பரங்கிப்பேட்டையில் இருந்த அறிஞர் ஒருவரிடம் புலவர் அனுப்பப்பட்டார். இதற்கிடையே வள்ளல் மறைந்தார். ஆதரவு நின்றது. பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றிராவிடில், 5027 விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணம் நமக்கு இன்றுள்ள வடிவில் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. நூலுக்குள்ளேயே அவர் பெயரைப் புலவர் போற்றிச் செல்வது வெறும் முகமன் அன்று. நல்கை இருந்தும் நெறியாளர் இல்லாத நிலை, நெறியாளர் கிடைத்தபின் நல்கை நின்றுபோன நிலை ஆகிய இரண்டையும் கடந்தே அக்காப்பியம் எழுந்தது.

இன்றைய நல்கையை முதலில் நோக்குவோம். விண்ணப்பத்தில் அது இறுதியாக வந்தாலும், முடிவெடுப்பதில் முதலில் வரவேண்டியது அதுவே என்பது நம் கருத்து. இலக்கிய மாணவர்க்கு நாட்டில் உள்ள பெரிய உதவி, பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையாகும். ஜே.ஆர்.எஃப். என்றால் எல்லோருக்கும் விளங்கும். 2023 சனவரி முதல் இது முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தபின் 42,000 ரூபாய். மொத்தம் ஐந்தாண்டுகள். விடுதி கிடைக்காதோர்க்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. பெருவழி ஆலைகளில் ஒப்பந்த முறையில் பணிபுரியும் இளைஞர் பலரின் ஊதியத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்குமாறு பெற்றோரை நாம் வேண்டுகிறோம்.

இதற்கு வழி நெட் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகின்றது. 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. தமிழ், அரபு, உருது ஆகிய மொழிப்பாடங்களிலும் எழுதலாம். முதல் தாள் எல்லோர்க்கும் பொது. அதில் கணக்கும் தருக்கமும் வருவதால், தமிழ் மாணவர் பலர் இரண்டாம் தாளில் ஈட்டியதை முதல் தாளில் இழந்துவிடுகின்றனர். 2024 சூன் முதல் இத்தேர்வின் முடிவு மூவகையாக வெளியிடப்படுகின்றது. முதல் வகையினர்க்கு உதவித்தொகையும் உதவிப் பேராசிரியர் தகுதியும் உண்டு. இரண்டாம் வகையினர்க்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதியும் உண்டு. மூன்றாம் வகையினர்க்குச் சேர்க்கைத் தகுதி மட்டுமே. பிந்திய இரு வகையினர்க்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்முகத்திற்கு 30 விழுக்காடும் எடை தரப்படும். சேர்க்கைக்கு அம்மதிப்பெண் ஓராண்டே செல்லும். மூன்றாம் வகையில் தேறியவர், 'நெட் தேறிவிட்டேன்' என்று மகிழ்ந்து இல்லம் திரும்புவதுண்டு. அவர் கையில் இருப்பது உதவித்தொகை அன்று, ஓராண்டுக் கெடுவுடைய நுழைவுச் சீட்டு. இதனோடு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் தனி நுழைவுத் தேர்வுகளின் அறிவிப்பையும் கவனித்து வரவேண்டும். நெட் ஒன்றையே நம்பியிருத்தலும் தகாது. 2024 சூன் 18 அன்று நடந்த தேர்வு மறுநாளே நீக்கப்பட்டு, ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் மீண்டும் நடத்தப்பட்டதை நாம் கண்டோம்.

இங்கு ஒரு சான்றிதழைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். தமிழக அரசு 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது முதல், நம் பிள்ளைகள் பலரிடம் அதற்குரிய சாதிச் சான்றிதழ் உள்ளது. நெட் தேர்வுக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் அது போதாது. அங்குக் கேட்கப்படுவது மத்திய அரசின் படிவத்தில் அமைந்த இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். வளமான பிரிவினர் அல்லர் என்னும் உறுதி அதில் இருக்கவேண்டும். அவ்வுறுதி புதியதாகவும் இருக்கவேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். பெற்றோரின் மாதச் சம்பளமும் வேளாண் வருமானமும் இக்கணக்கில் சேரா. தம் பிரிவின் பெயர் மத்தியப் பட்டியலில் எவ்வெழுத்துக்கூட்டலில் உள்ளதோ அவ்வாறே சான்றிதழிலும் இருத்தல் நலம். இதனை விண்ணப்பிக்கும் வாரத்தில் தேடி ஓடாமல், முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்று வைத்துக்கொள்ளலாம். பயன் சிறிதன்று. உதவித்தொகைக்குரிய வயது வரம்பு 30 என்பது இப்பிரிவினர்க்கு 35 ஆகின்றது. தகுதி மதிப்பெண்ணும் குறைகின்றது. பெண்களுக்கு எப்பிரிவாயினும் அவ்வயதுச் சலுகை உண்டு.

முன்னர் நமக்கென்றே ஒரு நல்கை இருந்தது. சிறுபான்மையினர்க்காக 2009இல் தொடங்கப்பெற்ற மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை, ஜே.ஆர்.எஃப். அளவிலேயே தொகை வழங்கியது. 2022-23 முதல் புதியவர்களுக்கு அது இல்லை என 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவிக்கப்பட்டது. பிற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றது என்பது அரசு கூறிய காரணம். பொதுப் பிரிவில் உள்ள முஸ்லிம் மாணவர்க்கு எத்திட்டம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது என்பது நமக்கு விளங்கவில்லை. பழைய கையேடுகளிலும் வழிகாட்டிக் கூட்டங்களிலும் அதன் பெயர் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதால் இதனைத் தெளிவாகக் கூறுகிறோம்: அதனை நம்பி எவரும் சேரவேண்டா. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேறாதார்க்கு வழங்கப்படும் தொகையோ, நெடுங்காலமாக மாதம் 8,000 ரூபாய் என்ற அளவிலேயே நிற்கின்றது. 2015இல் அதனையும் நிறுத்த முற்பட்டபோது தில்லியில் மாணவர்கள் மானியக் குழு அலுவலகத்தின் முன் அமர்ந்து போராடினர்.

இனி நெறியாளர். காத்திருப்போர் பட்டியலின் மருமம் இங்கேதான் உள்ளது. 2022 நவம்பரில் வெளியான மானியக் குழு விதிகளின்படி பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் எட்டு ஆய்வாளர்களையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே ஏற்கலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் உள்ளவர் புதியவரை ஏற்கலாகாது. ஆகவே ஒரு துறையில் இடம் உண்டா என்பது கட்டடத்தையோ நாற்காலியையோ பொறுத்ததன்று. எத்தனை மாணவர் ஆய்வேட்டை ஒப்படைத்து வெளியேறினர், எத்தனை ஆசிரியர் ஓய்வை நெருங்குகின்றனர் என்பதைப் பொறுத்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமையால் இவ்வெண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வருகின்றது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் அறிந்த நெறியாளர் என்று தேடினால் இன்னும் சுருங்கும். ஈழத்து அறிஞர் ம. மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இத்துறைப் பேராசிரியராக அமர்ந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதிகளாக எழுதிய காலம் மீண்டும் வாய்க்கவில்லை.

எனவே மாணவர் செய்யத்தக்கது யாது? விண்ணப்பிப்பதற்கு ஆறு திங்கள் முன்னரே, விரும்பும் ஆசிரியரின் நூல்களில் இரண்டையேனும் படித்துவிட்டு, இரண்டு பக்க ஆய்வுக் குறிப்புடன் அவர்க்கு எழுதவேண்டும். காலியிடம் எப்போது நேரும் என்று நேரடியாகவே கேட்கலாம். அது குற்றமன்று. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருப்பின், உதவித்தொகை பெற்ற மாணவர் வேறிடம் செல்லும்போது இடம் திறக்கும். தம் விருப்பம் மாறவில்லை என்று துறைத்தலைவர்க்கு ஒரு கடிதம் போதும். நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பது எதிர்விளைவையே தரும். பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை நடத்துவதால், ஒரு பருவம் காத்திருந்து நெட் தேர்வை மீண்டும் எழுதுவது, நல்கையின்றி உடனே சேர்வதினும் நன்று என்றே நாம் கருதுகிறோம்.

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேர ஆய்வு செய்யலாமே என்பர். விதி அதற்கு இடம் தருகின்றது; ஆனால் பணியாற்றும் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் தரப்படும் என்றும், தேவைப்படின் பாடப் பயிற்சிக்கு விடுவிப்பதாகவும் அதில் எழுதப்பட வேண்டும். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக உள்ளவருக்கு இச்சான்றை யார் எழுதித் தருவது? ஆலை, அவர் தம் ஊழியர் அல்லர் என்னும். ஒப்பந்தக்காரரோ, அடுத்த ஆண்டு அவர் தம்மிடம் இருப்பாரா என்பதையே அறியார். வாரந்தோறும் மாறும் இரவுப் பணியோ, நூலகம் திறந்திருக்கும் நேரத்தை உறக்கத்திற்கு எடுத்துக்கொள்ளும். பள்ளி ஆசிரியர்க்கும் அலுவலகப் பணியாளர்க்கும் பொருந்தும் வழி இது; பெருவழித் தொழிலாளர்க்கு ஏட்டளவிலேயே உள்ளது.

பெண்களுக்கு அவ்விதிகள் தரும் உரிமைகள் நம் இல்லங்களில் அறியப்படவில்லை. முனைவர் பட்டத்திற்குரிய உச்ச காலமான ஆறாண்டுகளுக்கும் மறுபதிவுக்கால நீட்டிப்புக்கும் அப்பால் அவர்களுக்கு மேலும் ஈராண்டு உண்டு. மகப்பேற்றுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. மணமாகி வேற்றூர் செல்ல நேரின், ஆய்வுத் தரவுகளோடு அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திற்கு மாறிக்கொள்ளவும் இடமுண்டு. 'நிக்காஹ் முடிந்தால் படிப்பு முடிந்தது' என்று பேசுவோர் இவ்விதியைப் படித்தவரல்லர்.

கடல் கடந்த வாசலைப் பற்றியும் சில சொற்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேர்க்கையும் நல்கையும் ஒரே கடிதத்தில் வரும். கட்டண விலக்கு, மாதத் தொகை, அதற்கு ஈடாகச் சில பருவங்கள் கற்பித்தற்பணி. பிரிட்டனில் நம் நாட்டைப் போலவே இரண்டும் வேறு. ஏற்புக் கடிதத்தைக் கண்டு கடன் வாங்கிவிடலாகாது. அமெரிக்காவில் நல்கையோடு இடம் பெற்றவர்க்கு விடைகூற ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவது அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பொது உடன்பாடு. ஒருவரே மூன்று இடங்களைக் கையில் வைத்திருப்பார். அவர் இரண்டைக் கைவிடும் நாளில்தான் காத்திருப்போர் பட்டியல் நகரும். ஆகவே அப்பட்டியலில் உள்ளவர்க்கு மார்ச்சு மாத மௌனம் மறுப்பு ஆகாது. ஆயின் அவ்வாசலும் ஒடுங்கி வருகின்றது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கலை, மானுடவியல் புலம், 2026-27ஆம் கல்வியாண்டுக்குப் பல துறைகளில் முனைவர் பட்டச் சேர்க்கையை நிறுத்துவதாகவோ குறைப்பதாகவோ 2025 ஆகத்தில் அறிவித்தது.

அங்கு விண்ணப்பிப்போர், அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதைத் தன்விளக்கக் கட்டுரையின் முதற்பத்தியிலேயே எழுதவேண்டும். அது வீட்டுப் பழக்கமன்று, ஆய்வுத் தகுதி. 1572இல் இயற்றப்பெற்ற ஆயிர மசலாவை மலாய், சாவக மொழி வடிவங்களோடு ஒப்புநோக்கி ரோனித் ரிச்சி எழுதிய ஆங்கில நூல் 2011இல் சிகாகோவில் வெளிவந்தது. நம் ஏட்டைப் படிக்க அவர் தமிழ் கற்றார். நம் பிள்ளைக்கோ தமிழும் எழுத்தும் இல்லத்திலேயே கிடைத்திருக்கின்றன.

நம் அறக்கட்டளைகள் பெரும்பாலும் மருத்துவம், பொறியியல் மாணவர்க்கே கைகொடுக்கின்றன. இலக்கிய ஆய்வாளர்க்கு ஐந்தாண்டுச் செலவையும் அவை ஏற்கவேண்டும் என நாம் கூறவில்லை. உதவித்தொகை உறுதியான பின்னரும் முதல் தொகை கைக்கு வரச் சில திங்கள் ஆகலாம். அதுவரை கட்டணம், வாடகை, பேருந்துச் செலவு, சுவடிப் படி எடுக்கும் செலவு ஆகியவற்றுக்கு ஒரு கைம்மாற்று நிதி இருந்தால் போதும். தொகை வந்ததும் திருப்பித் தந்துவிடலாம். இடையூறு கெடுவில்தான் உள்ளது. சேர்க்கைக் கட்டணம் செலுத்தச் சில நாள்களே தரப்படுகின்றன. அறக்கட்டளைகளோ ஆண்டுக்கு ஒருமுறை, கல்லூரி திறக்கும் காலத்தில் விண்ணப்பம் பெறுகின்றன. ஆய்வு மாணவரின் விண்ணப்பத்தை எம்மாதத்திலும் ஏற்கலாம் என்று ஒரு வரியைத் தம் விதிகளில் சேர்த்துக்கொள்ள, ஒரு பொதுக்குழுக் கூட்டம் போதும்.