சிறு பொம்மைக்கு வண்ணம் தீட்டுதல்

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், நவராத்திரி நெருங்கும்போது பரண்மேல் இருக்கும் பெட்டிகள் கீழே இறங்குகின்றன. பழந்துணியில் சுற்றிவைத்த கொலுப் பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. காஞ்சிபுரத்திலோ, பண்ருட்டியிலோ, மதுரையை அடுத்த விளாச்சேரியிலோ உருவாகி, நம் முன்னோருடன் ரயிலேறி வந்தவை அவை. ஒன்றின் மூக்கு நுனி தேய்ந்திருக்கும். மற்றொன்றின் சேலை நிறம் வெளுத்திருக்கும். இன்னொன்றின் தோளில் வண்ணம் செதிலாக உதிர்ந்திருக்கும். அவற்றைக் காணும்போது, ‘ஒரு பூச்சுப் பூசிவிட்டால் புதிதாகிவிடுமே!’ என்ற எண்ணம் யாருக்கும் எழுவது இயல்பே. அந்த எண்ணத்தைச் செயலாக்குவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றையே இங்கு ஆராய எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பாட்டி காலத்துச் செட்டியார் பொம்மை ஒன்று எங்களிடம் இருந்தது. செகந்தராபாத்துக்குக் குடிவந்த சில ஆண்டுகளில் அதன் நிறம் மங்கிவிட்டது. கதவுக்குப் பூசி மிஞ்சிய எனாமலை எடுத்து, வேட்டிக்கு வெள்ளையும் உடலுக்குத் தவிட்டு நிறமும் பூசினோம். பூசிய அன்று பொம்மை பளபளத்தது. மாலையில் படியில் வைத்து விளக்கேற்றிப் பார்த்தபோதுதான் செய்த பிழை தெரிந்தது. கண்ணிமை இல்லை, கன்னத்துக் குழிவு இல்லை, பாட்டி எங்களுக்குச் சுட்டிக்காட்டும் அந்தப் புன்சிரிப்பும் இல்லை. பூச்சின் கனம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. சுரண்டிப் பார்த்தோம், அடியிலிருந்த பழைய வண்ணமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பொம்மையை வழக்கமான இடத்திலேயே வைத்தார்.

பொம்மை சிறியது, ஆதலால் வேலையும் சிறியது என்று நினைத்ததே எங்கள் தவறு. உண்மை அதற்கு நேர் மாறானது. உருவம் சிறுக்கச் சிறுக்க, வண்ணத்தின் பொறுப்புப் பெருகுகிறது.

இதை நன்கு உணர்ந்தவர்கள், மேசைமேல் போர் விளையாட்டு ஆடுவோர். பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-ஆம் ஆண்டில் போர்ப் பயிற்சிக்காக ஒரு விளையாட்டை வகுத்து வெளியிட்டார். அதில் படைகளைக் குறித்தவை சிறு கட்டைகளே. ஒரு தரப்புக்குச் சிவப்பு, மறு தரப்புக்கு நீலம். பின்னர் 1893-இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் குழுமம் உள்ளீடற்ற ஈயப் பொம்மை வீரர்களை வார்க்கத் தொடங்கியது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்தவுடன் நடுவில் உள்ளதைத் திரும்பக் கொட்டிவிடும் முறை அது. பொம்மை இலேசாயிற்று, விலையும் குறைந்தது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இத்தகைய பொம்மைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு நூலே எழுதினார். இன்று பல நாடுகளில் இளைஞர்கள் இரண்டங்குல உயரமும் இல்லாத வீரர்களுக்குத் தாமே வண்ணம் தீட்டி ஆடுகிறார்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் பொருந்தும் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதே அவர்களுள் பலருக்கு ஆட்டத்தினும் பெரிய இன்பமாக இருக்கிறது.

ஹைதராபாத்தில் வாழும் நமக்கு இக்கலை அந்நியமன்று. மூசி ஆற்றின் தென்கரையில் உள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் சிறுவர் பகுதியில் பொம்மைப் படைவீரர்களைக் காணலாம். மூன்றாம் சாலார் ஜங்கின் சேகரிப்பிலிருந்து பிறந்த இக்காட்சியகம் 1951-இல் திறக்கப்பெற்று, 1968-இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு மாறியது. அங்குச் செல்வோர் இசைக் கடிகாரத்தின் முன் காத்திருப்பது வழக்கம். அடுத்த முறை செல்லும்போது, அந்தச் சிறு வீரர்கள் முன்னும் சற்று நின்று, எட்டத்திலிருந்து பார்த்தால் எந்த நிறம் முதலில் கண்ணில் படுகிறது என்று கவனிக்கலாம்.

வண்ணத்தின் முதற்பணி அடையாளம் காட்டுவது. நம் கண்ணெதிரிலேயே இதற்குச் சான்று உண்டு. ஹைதராபாத்திலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தொலைவில், சித்திபேட்டை மாவட்டத்தில், செரியால் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள நகாஷி மரபினர், கதை சொல்லிகள் ஊர் ஊராக எடுத்துச் செல்லும் நீண்ட துணிச்சுருள்களில் புராணக் கதைகளை வரைந்து வந்தவர்கள். பொம்மைகளும் முகமூடிகளும் செய்பவர்கள். அவர்கள் சித்திரத்தில் பின்புலம் பெரும்பாலும் சிவப்பு. தெய்வங்களுக்கு நீலம், தேவியருக்கு மஞ்சள், அரக்கருக்குப் பழுப்பு அல்லது அதனினும் கருத்த நிறம், மாந்தருக்கு இளஞ்சிவப்பு என்பது மரபு. கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவனும், முகம் தெளிவாகத் தெரியாவிடினும், வந்தவர் யார் என்பதை நிறத்தால் அறிந்துகொள்வான். அழகுக்காக மட்டும் அமைந்த ஏற்பாடன்று இது. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குக் கதையை விளக்கும் ஏற்பாடு.

இரண்டாவதாகக் கருத வேண்டியது அளவு. நம் முகத்தின்மேல் வெளிச்சம் விழும்போது, மூக்கின் பக்கத்திலும் கண்குழியிலும் நிழல் தானாக விழுகிறது. மூன்றங்குலப் பொம்மையில் அக்குழிவுகள் நூலளவே இருப்பதால், நிழல் போதிய அளவு விழுவதில்லை. ஆகவே, நிழலையும் ஒளியையும் வண்ணம் தீட்டுபவரே எழுத வேண்டியிருக்கிறது. போர்ப் பொம்மை தீட்டுவோர் இதற்கு எளிய முறை ஒன்றைக் கையாளுகிறார்கள். முதலில் அடிநிறத்தை மெல்லப் பூசுகிறார்கள். அது உலர்ந்தபின், அதே நிறத்தின் கருத்த சாயலை நீர்க்கக் கரைத்துத் தடவுகிறார்கள். அது மடிப்புகளில் ஓடித் தேங்கி நிழலாகிறது. இறுதியில், வெளிறிய சாயலைத் தூரிகையில் தொட்டு, அதைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் உராயும்படி தேய்க்கிறார்கள். மூக்கு நுனியும் சேலை மடிப்பின் விளிம்பும் அப்போது ஒளி பெறுகின்றன. எங்கள் செட்டியார் இழந்தது இந்த நிழலையும் ஒளியையுமே.

அளவைப் பற்றி இன்னொரு செய்தி. உண்மைப் பொருளின் நிறத்தையே சிறு பொம்மைக்கு அப்படியே பூசினால், அது கருத்துத் தோன்றும். இதற்குக் காக்கியை உதாரணமாகக் கூறலாம். காக்கி என்பது தூசியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. 1846-இல் பெஷாவரில் அமைக்கப்பெற்ற ‘கைட்ஸ்’ படையினர், நிலத்தின் நிறத்தில் மறைந்து நிற்பதற்காக அந்நிறத்தை ஏற்றார்கள். உண்மை வீரன் மறைய வேண்டும். பொம்மை வீரனோ தெரிய வேண்டும்! ஆதலால், தீட்டுவோர் காக்கியுடன் சிறிது வெள்ளையோ மஞ்சளோ கலந்து வெளிறச் செய்கிறார்கள். கொலுவில் உள்ள காவற்காரச் சிப்பாய்க்கும் இதே விதி பொருந்தும்.

மூன்றாவது, அயல் நிறமும் விளக்கும். ஒரு நிறம் தனியே நிற்பதில்லை. பக்கத்து நிறத்தால் மாறித் தோன்றுகிறது. இதை நம் பெண்மணிகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரையும், மாம்பழ மஞ்சளுக்குக் கருநீலக் கரையும் ஏன் எடுப்பாக இருக்கின்றன என்பதைப் பட்டுப்புடவை தெரிந்தெடுத்த கண்கள் அறியும். அந்த அறிவையே பொம்மைக்கும் பயன்படுத்தலாம். ஒரு பொம்மைக்கு முதன்மை நிறம் ஒன்று, துணைநிறம் ஒன்று, சிறு இடங்களில் மட்டும் வரும் எடுப்பான நிறம் ஒன்று என மூன்று போதும். ஐந்தாறு நிறங்களைச் சம அளவில் பூசினால் கண் எதிலும் நிலைப்பதில்லை.

விளக்கோ இன்னும் பெரிய மாயம் செய்கிறது. கொலுவை நாம் பெரும்பாலும் மாலையில் காண்கிறோம். மஞ்சள் ஒளி தரும் விளக்கின் கீழ்க் கருநீலம் கறுப்பாகத் தெரியும். இளமஞ்சள் வெள்ளையோடு கலந்துவிடும். சிவப்புச் சரவிளக்கின் கீழ், சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோல் தோன்ற, பச்சை கருத்துவிடும். பகலில் சன்னலோரம் அமர்ந்து தீட்டிய கண்ணன், இரவில் அடையாளம் தெரியாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

நான்காவது, அடித்தளம். செரியால் ஓவியர்கள் வண்ணத்தைத் துணியில் நேரே பூசுவதில்லை. அரிசிக் கஞ்சி, வெண்களிமண், புளியங்கொட்டைப் பசை, பிசின் நீர் ஆகியவற்றைக் கலந்து மும்முறை பூசி உலர்த்துகிறார்கள். அவர்களுடைய பொம்மைகளிலும், ஆந்திர நாட்டுக் கொண்டபள்ளிப் பொம்மைகளிலும், இலேசான பொனிக்கி மரத்தோடு மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த கலவை பயன்படுகிறது. மேலே வரும் வெள்ளைப் பூச்சுத்தான் நிறங்களுக்கு ஒளி தருகிறது. பழைய வண்ணம் உதிரும் இடத்தில் புதிய வண்ணத்தைப் பூசினால், அடித்தளத்தோடு அதுவும் உதிரும். ஆகவே, தளர்ந்த செதிலை மெல்ல நீக்கி, அவ்விடத்துக்கு மட்டும் மெல்லிய வெள்ளை அடிப்பூச்சுக் கொடுத்து, அதன்பின் வண்ணம் தொட வேண்டும். இன்று கிடைக்கும் அக்ரிலிக் வண்ணங்கள் நீரில் கரைத்துப் பூசத்தக்கவை. உலர்ந்தபின் நீரில் கரையாதவை. மெல்லிய படலமாகப் படிபவை. சிறு பொம்மைக்கு எனாமலைவிட அவை ஏற்றவை.

இவை யாவும் தெரிந்தபின்னும், முதல் தூரிகையைப் பொம்மைமேல் வைத்துவிடலாகாது. சோதனை வேண்டும். அதற்குச் செலவு மிகக் குறைவு. கடையில் நான்கு மண் அகல்களை வாங்கிக்கொள்ளலாம். சுட்ட மண் பொம்மையும் அகலும் ஒரே இனத்தவை. வண்ணத்தை ஏறக்குறைய ஒரே விதமாக ஏற்பவை. காகிதக்கூழ்ப் பொம்மையாயின், தடித்த அட்டைத் துண்டுகள் போதும். எண்ணிய நிறச்சேர்க்கைகள் நான்கையும் நான்கு அகல்களில் தீட்டி, கொலுப் படி வைக்கும் இடத்திலேயே வைத்து, மாலையில் விளக்கேற்றி, எட்டடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்தால், நிறம் மறைந்து வெளிச்சமும் கருமையும் மட்டும் நிற்கும்; அப்போதும் இரு நிறங்களும் பிரிந்து தெரிகின்றனவா என்று நோக்கலாம். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தாலும் இது புலப்படும். மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்த்தபின் முடிவு செய்யலாம். நான்கில் மூன்று தவறினாலும் நட்டமில்லை. தவறியவை அகல்களே அல்லவா?

தொடக்கூடாத பொம்மைகளும் சில உண்டு. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சிக்கு மரத்தின் நிறமே அழகு. வண்ணம் மங்கினாலும் உறுதியாக இருக்கும் மிகப் பழைய பொம்மையை மென்தூரிகையால் தூசி தட்டி வைப்பதே நன்று. சுடாத மண்ணையும் காகிதக்கூழையும் நீரால் கழுவலாகாது. எதைத் தொடுவதானாலும், தொடுமுன் நான்கு புறமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம். கண்ணும் புருவமும் எவ்வாறு எழுதப்பட்டிருந்தன என்பதற்கு அதுவே சாட்சி.

நம் கொலு நாட்களில் தெலங்கானத்துப் பெண்கள் பதுகம்மா கொண்டாடுகிறார்கள். மகாளய அமாவாசையன்று தொடங்கும் அவ்விழாவில், ஆவாரம்பூவும் சாமந்தியும் குனுகுப் பூவும் வட்ட வட்டமாக அடுக்கப்படுகின்றன. வெண்ணிறக் குனுகுப் பூவைச் சாயத்தில் தோய்த்து வேண்டிய நிறம் ஏற்றுவதும் உண்டு. எந்த வட்டத்தின்மேல் எந்த நிறம் வரவேண்டும் என்று அவர்கள் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதைப் பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் உள்ள நம்மவர் அண்டை வீட்டு முற்றத்திலேயே காணலாம். பூ வாடிவிடும், அடுத்த ஆண்டு வேறு விதமாக அடுக்கலாம். பொம்மைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் சோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளச் சொல்கிறோம்.

இந்த வேலையில் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோமாக. போர் வீரனுக்குச் சட்டை நிறம் தேடும் சிறுவனும், கொலுவின் குறத்திக்குச் சேலை நிறம் தேடும் சிறுமியும் கற்பது ஒரே கலையைத்தான். அகலைக் கையில் கொடுத்து, விருப்பம்போல் தீட்டச் சொல்லலாம். எங்கள் வீட்டுச் செட்டியாரின் புன்சிரிப்பை இனி எங்களால் மீட்க இயலாது. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவர் மனைவியின் முகத்தை நாங்கள் தொடவில்லை. சென்ற ஆண்டு அவர் சேலைக் கரையில் உதிர்ந்த ஓரிடத்தை மட்டும், ஆறு அகல்களில் பார்த்துத் தேர்ந்த பச்சையால் பேத்தி சரி செய்தாள். எட்டடி தள்ளி நின்று பார்த்தோம்; எந்த இடம் புதியது என்று எங்களுக்குத் தெரியவில்லை.