எலும்பின் கனமும் எலும்பின் வலுவும்

எலும்பு என்பது இயல்பில் முற்றிலும் மாறுபட்ட இரு பொருள்களின் கூட்டு. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உருவான ஹைட்ராக்சிஅபடைட் என்னும் தாதுவின் நுண்ணிய படிகங்கள். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகள், மீதி நீர். கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் சில நாள் ஊறவைத்தால் தாது கரைந்து, வடிவம் கெடாமலே எலும்பு ரப்பராக வளையும். அதே எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் புரதம் எரிந்துபோய், தாது மட்டும் வெளுத்து எஞ்சி, அழுத்தினால் நொறுங்கும். விறைப்பைத் தருவது தாது, உடையாமல் தாங்கும் திறனைத் தருவது புரதம். ஆயினும் மருத்துவமனையில் எலும்பை அளக்கும்போது தாதுவைத்தான் அளக்கிறார்கள். எக்ஸ் கதிரைக் கணிசமாகத் தடுப்பது அதுவே என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை.

சாதாரண எக்ஸ்ரே படத்தைக் கண்ணால் பார்த்து எலும்பு மெலிந்துவிட்டது என்று சொல்வதற்குள் தாதுவில் சுமார் 30 விழுக்காடு போய்விட்டிருக்கும். இந்தக் குறையைப் போக்க வழி கண்டவர்கள், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கேமரனும் ஜேம்ஸ் சோரன்சனும் ஆவர். அயோடின்-125 என்னும் கதிரியக்கத் தனிமத்திலிருந்து வரும் மெல்லிய கற்றையை முன்கையின் ஊடே செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வந்து சேருகிறது என்று எண்ணுவதன் மூலம் இடையில் தடுத்த தாதுவின் அளவைக் கணக்கிடலாம் என்று அவர்கள் 1963இல் காட்டினார்கள். கையைச் சுற்றி நீரையோ தசையை ஒத்த பொருளையோ பொதிந்து சமன்செய்ய முடிந்ததால் அங்கே அம்முறை பலித்தது. தசையும் கொழுப்பும் ஆளுக்கு ஆள் மாறும் முதுகெலும்பிலும் இடுப்பிலும் பலிக்கவில்லை. இரு வேறு ஆற்றல்களில் கதிரைச் செலுத்தினால், எலும்பும் மென்திசுவும் அவற்றை வெவ்வேறு விகிதத்தில் தடுப்பதால், இரண்டின் பங்கையும் தனித்தனியே பிரித்தறியலாம் என்பது அடுத்த படி. கதிரியக்கத் தனிமத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிர்க் குழாயைப் பொருத்திய கருவிகள் 1987 வாக்கில் வந்தன. இன்று டெக்சா ஸ்கேன் எனப்படுவது இதுவே. இதில் உடல் ஏற்கும் கதிர்வீச்சு மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு.

கருவி முதலில் தருவது தாதுவின் மொத்த அளவு, கிராமில். அதை எலும்பின் நிழல் விழுந்த பரப்பால் வகுத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று அறிக்கையில் 'அடர்த்தி'யாகக் குறிக்கிறார்கள். பள்ளியில் கற்ற அடர்த்தி கன அளவால் வகுப்பது. இதுவோ பரப்பால் வகுப்பது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றில் 0.4 கிராம் தாது இருப்பதாகக் கொண்டால், அதே பொருளாலான இரண்டு சென்டிமீட்டர் கனசதுரத்தில் 3.2 கிராம் இருக்கும். நிழலின் பரப்போ நான்கு சதுர சென்டிமீட்டர்தான். ஆகவே முதலாவதன் அடர்த்தி 0.4 என்றும் இரண்டாவதன் அடர்த்தி 0.8 என்றும் கருவி சொல்லும். சிற்றுடல் கொண்டவர்களின் எலும்பு, தரத்தில் குறைவில்லாதபோதும், அறிக்கையில் மெலிந்ததாகத் தோன்றுவது இதனால்தான்.

அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடும் 'டி-ஸ்கோர்' ஓர் ஒப்பீடு. ஆரோக்கியமான இளவயதினரின் அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் குறிக்கும் திட்ட விலக்கத்தை அலகாகக் கொண்டு, ஒருவரின் அளவு அச்சராசரியிலிருந்து எத்தனை அலகு தள்ளி நிற்கிறது என்று அது கூறுகிறது. கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது. இந்த எல்லை வெறும் காகிதக் கோடு அன்று: இடுப்பு எலும்பின் அடர்த்தி ஓர் அலகு குறையும்போது அங்கே முறிவு ஏற்படும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அளவில் ஏறுகிறது. ஆயினும் அடர்த்தி கூடினால் வலு கூடும் என்று இதைத் திருப்பிப் போட்டுப் படிப்பதில்தான் தவறு நேர்கிறது.

அத்தவற்றை அம்பலப்படுத்தியது ஃப்ளூரைடு. அது எலும்பு உருவாக்கும் செல்களைத் தூண்டும் என்பதால், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முதுகெலும்பு முறிவு கண்டிருந்த, மாதவிடாய் நின்ற 202 பெண்களில் ஒரு பாதியினருக்குச் சோடியம் ஃப்ளூரைடும் மறுபாதியினருக்குப் போலி மாத்திரையும் நான்கு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். கால்சியம் இரு சாராருக்கும் கொடுக்கப்பட்டது. 1990இல் வெளியான முடிவின்படி, ஃப்ளூரைடு உண்டவர்களின் கீழ்முதுகெலும்பில் அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. கருவியின் கண்ணுக்கு அது பெருவெற்றி. முதுகெலும்பு முறிவுகளோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கை, கால், இடுப்பு முதலிய மற்ற இடங்களில் முறிவுகள் மருந்து பெறாதவர்களிடம் 24, பெற்றவர்களிடம் 72. ஃப்ளூரைடு புகுந்த எலும்பில் தாது மிகுந்திருந்தும் அதன் அமைப்பு கோளாறுபட்டிருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அத்தகைய நீரை நெடுங்காலம் குடித்து ஃப்ளூரைடு நஞ்சு முற்றியவர்களின் முதுகெலும்பும் எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று, மிக 'அடர்த்தி'யாகவே தெரியும்.

ஸ்ட்ரான்ஷியம் ரனலேட் என்னும் மருந்து வேறுவகைப் பாடம். ஸ்ட்ரான்ஷியம் கால்சியத்தைவிடக் கனமான தனிமம், எக்ஸ் கதிரை அதிகம் தடுக்கும். எனவே எலும்பில் கால்சியத்தின் இடத்தில் அது சிறிதளவு அமர்ந்ததுமே, எலும்பு கூடாவிட்டாலும் கருவியின் எண் கூடிவிடும். மருந்து முறிவைக் குறைத்தது உண்மையே, ஆனால் அறிக்கையில் கண்ட உயர்வில் ஒரு பகுதி கணக்கின் மாயம். இரண்டாம் வகை நீரிழிவில் இதற்கு நேர்மாறான சங்கடம்: அடர்த்தி இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும், முறிவும் அதிகம். சர்க்கரை கொலாஜன் இழைகளோடு ஒட்டி அவற்றை விறைக்கச் செய்வதும், பார்வை மங்குவதாலும் கால் மரத்துப்போவதாலும் தடுக்கி விழுவதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. நீரிழிவு இவ்வளவு பரவியுள்ள நம் நாட்டில் அறிக்கை நன்றாக இருக்கிறது என்று நிம்மதி கொள்ள இடமில்லை.

முறிவு காண்போரில் பெரும்பாலோரின் டி-ஸ்கோர் எலும்புப்புரை எல்லையைத் தொடுவதில்லை என்பதும் தெரிந்ததே. அதனால்தான் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவான ஃப்ராக்ஸ் கணிப்பு முறை, வயது, முந்தைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு பயன்பாடு ஆகியவற்றைச் சேர்த்து அடுத்த பத்தாண்டில் முறிவு நேரும் வாய்ப்பைச் சொல்கிறது. அதில் அடர்த்தி அளவு இல்லாமலும் கணக்கிடலாம்.

முதியவர்களின் முதுகெலும்பு அளவில் கூடுதல் கவனம் தேவை. மூட்டுத் தேய்மானத்தால் முளைக்கும் எலும்பு முட்களும், அருகில் ஓடும் பெருந்தமனியில் படிந்த கால்சியமும் அதே நிழலில் விழுந்து எண்ணை உயர்த்திவிடும். வலுவிழந்து நசுங்கிய முதுகெலும்புக் கணுவோ, தன் தாது முழுவதும் குறுகிய பரப்பில் திரண்டுவிடுவதால், நசுங்காத அண்டைக் கணுவைவிட அடர்ந்ததாகவே அறிக்கையில் வரும். அத்தகைய கணுவைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அறிக்கையின் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது நசுங்கியிருப்பதே தெரியாது என்பதால், உயரம் சில சென்டிமீட்டர் குறைந்துவிட்ட முதியவருக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.