பூச்சிகளின் பெயரறியும் கணனி

ஓர் ஊரில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதைக் குடிசன மதிப்பீட்டால் அறிகிறோம். ஒரு காட்டில் எத்தனை வகைப் பூச்சிகள் வாழ்கின்றன என்பதை எவ்வாறு அறிவது? முதலில் ஒவ்வொன்றையும் இன்னதென இனங்காண வேண்டும். பெயரறியாத ஓர் இனம் அழிந்தொழிந்தாலும் அதன் இழப்பு எவர்க்கும் புலப்படாது.

இப்பணி எளிதன்று. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சியினங்கள் ஏறத்தாழ 10 இலட்சம். பெயரிடப்படாதவை அவற்றினும் பல மடங்கு எனவும், அவற்றுட் பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளில் வாழ்வன எனவும் அறிஞர் கருதுவர். பனாமா நாட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் மட்டும் ஏறத்தாழ 1200 வகை வண்டுகள் வாழ்ந்தன என டெரி ஏர்வின் என்னும் அமெரிக்க அறிஞர் 1982 இல் எழுதினார்.

பூச்சியை இனங்காண ஆய்வாளர் நெடுங்காலம் நூல்களில் உள்ள 'திறவுகோல்' என்னும் வினாத்தொடரையே நாடினர். "இறக்கை ஒரு சோடியா, இரு சோடியா?" என அது வினவும். ஒரு சோடி எனின் ஈ, நுளம்புக் கூட்டத்தை நோக்கியும், இரு சோடி எனின் தேனீ, குளவி முதலியவற்றை நோக்கியும் செல்லலாம். ஆயின் நூல் வகுத்த வரிசையிலேயே விடை கூறுதல் வேண்டும். உணர்கொம்பு ஒடிந்த பூச்சியாயின், உணர்கொம்பு பற்றிய வினா வந்ததும் வழி அடைபட்டுவிடும்.

இத்தடையை நீக்கக் கணனி துணைசெய்தது. கன்பராவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தின் பூச்சியியற் பிரிவில் 1971 முதல் மைக் டால்விற்ஸ் முதலானோர் 'டெல்ற்றா' என்னும் முறையை உருவாக்கினர். 1990களில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 'லூசிட்' என்னும் மென்பொருள் தோன்றியது. இவற்றில் ஒவ்வோர் இனத்தின் இயல்புகளும் அட்டவணையாகப் பதியப்படும். நாம் கண்ட இயல்புகளை எந்த வரிசையிலும் கூறலாம். பொருந்தாத இனங்களைக் கணனி நீக்கிவிடும். எஞ்சியவற்றைப் பிரித்தறிய அடுத்து எதனை நோக்குதல் நன்று என்பதையும் கூறும்.

இன்று புகைப்படத்தைக் கொண்டே பெயர் கூறும் செயலிகளும் உள. மனிதர் பெயரிட்டுத் தந்த எண்ணற்ற படங்களிலிருந்தே அவை கற்றன. கல்லாத இனத்தைக் காட்டினால், தோற்றத்தில் ஒத்த வேறொன்றின் பெயரைக் கூறிவிடவும் கூடும். ஆதலால் அறிந்தவர் ஒருவர் சரிபார்த்தல் இன்றியமையாதது.

இந்நாட்டின் கிழக்குப் பகுதிகளில் கோடையில் விளக்கொளியை நாடி வரும் கிறிஸ்மஸ் வண்டுகள் முன்போல் இல்லை என மூத்தோர் பலர் கூறுகின்றனர். எவ்வளவு குறைந்தன என உறுதியாகக் கூறப் போதிய பழைய கணக்கு இல்லை. எனவே 2022 இல் சிட்னிப் பல்கலைக்கழகமும் 'இன்வேர்ட்டிபிரேற்ஸ் அவுஸ்திரேலியா' அமைப்பும், பொதுமக்கள் எடுக்கும் படங்களைத் திரட்டும் கணக்கெடுப்பைத் தொடங்கின.

உயிர்களை உற்றுநோக்கி வகைசெய்தல் தமிழர்க்குப் புதிதன்று. எறும்பை மூவறிவுயிர் எனவும், தும்பியை நாலறிவுயிர் எனவும் தொல்காப்பியம் வகுத்துள்ளது.

மாணவச் செல்வங்களே! வரும் கோடையில் உங்கள் வீட்டுத் தோட்டத்திற் காணும் பூச்சியின் இறக்கை, கால், உணர்கொம்பு ஆகியவற்றை எண்ணுங்கள். படமெடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். பெற்றோரே! குளவி, தும்பி, சில்வண்டு, மின்மினி என அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் உடனிருந்து சொல்லிக் கொடுங்கள். அப்பெயர்களை எந்தக் கணனியும் அறியும் முன்னர் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.