சித்தன்னவாசல் ஓவியங்கள்

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலில், குன்றைக் குடைந்து அமைத்த சமணக் குகைக்கோயில் ஒன்று உண்டு. வழிகாட்டியுடன் அதனுள் புகுவோர் முதலில் அண்ணாந்து நோக்குதல் வேண்டும். விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. அதில் மீன்கள் நீந்துகின்றன, யானைகள் நீராடுகின்றன, துறவியர் மலர் கொய்கின்றனர். பாண்டியன் சீமாற சீவல்லபன் ஆண்ட 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்தார். இதனை அங்குள்ள கல்வெட்டால் அறிகின்றோம்.

பாறைமேல் சுதை பூசி, அதன்மேல் இவ்வோவியங்களை வரைந்தனர். சுதை உதிர்ந்தால் ஓவியமும் உடன் உதிரும். உதிர்ந்ததை மீண்டும் வரைந்தால், அது நம் காலத்து ஓவியமேயன்றி முன்னோருடையது ஆகாது. இவற்றுள் பெரும்பகுதி முன்னரே அழிந்துவிட்டது. எஞ்சியதையேனும் நமக்குப் பின் வருவோர் காண வேண்டாவா? ஆதலின், கண்ணாரக் கண்டு மகிழ்வோம், கையால் தீண்டாதிருப்போம்.