பெருவில் ஊர்ச் சாப்பாடு

பெரு நாட்டுக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் நான் சொல்லும் ஊர் அரெக்கிப்பா. தெற்கே, 2,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 'பிக்கந்தெரியா' என்ற சாப்பாட்டுக்கடைகளைத் தேடுங்கள். பெரும்பாலும் பெண்கள் நடத்துபவை. விறகடுப்பு, மிளகாய் அரைக்க எங்கள் அம்மி போல ஒரு கல். 2014இல் பெரு அரசு இவற்றை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. யானவாரா பகுதியில் உள்ள 'லா நுவேவா பலோமினோ' பெயர் பெற்றது. மத்தியானமே போய்விடுங்கள், இரவில் பெரும்பாலும் பூட்டு.

ஊரின் பெருமை, இறைச்சி அடைத்த ரொக்கோட்டோ மிளகாய். பார்வைக்குக் குடைமிளகாய், கடித்தால் கண்ணீர்! எங்களோடு வந்த மாமி பிறந்ததிலிருந்து மாடு தொடாதவர். அவர் கரண்டியைத் தூக்கியபோதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. உள்ளே மாடு. நல்லவேளை, வாயில் வைக்கவில்லை. 'ரெஸ்' என்றால் மாடு, 'சான்ச்சோ' என்றால் பன்றி. இந்த இரண்டு சொல்லையும் பாடமாக்கிக்கொண்டு போங்கள்.

மாமி பிறகு அவரை, சோளம், சீஸ் கலந்த 'சொல்தெரித்தோ'வைச் சாப்பிட்டார். உருளைக்கிழங்கு 'ஒக்கோப்பா'வின் குழம்பில் கச்சான் சேரும். ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம். ஆற்று இறால் சூப் ஆசையென்றால் ஏப்ரலுக்குப் பிறகு போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அந்த இறாலைப் பிடிக்கத் தடை.